மலைக்குப் போக வேண்டிய தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கிருத்திகை அன்று உச்சி வெயில் நேரத்தில், திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் சாலையோரம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. இதுவரை மூன்று நான்கு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு இடத்தில் சொல்லி முடிக்காமல் நின்றுவிடுகிறேன். எழுதினால் அந்தச் சிக்கல் இருக்காது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஆட்டோமொபைல் பொறியியல் படித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தெருவில் யாருடைய வண்டிக்காவது ஏதாவது கோளாறு காத்திருக்கும். பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வருகிறதா, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஏசியில் நாற்றம் வருகிறதா, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை உருவிப் பார்க்க வேண்டும். பாதி சமயம் அதில் காய்ந்த வேப்பிலையும் பல்லி முட்டையும் இருக்கும். எளியதிலிருந்து கடினத்துக்குப் போவது, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது, இவ்வளவுதான் என் முறை. மனதுக்குள் ஒரு வரிசை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆடி மாதம் அக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம். பாவாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, பெங்களூரில் வேலை. பிரசவத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தை வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பவில்லை, கால் கீழே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, “அதுக்கு முன்னாடி வலி வந்தா வீட்ல வெச்சிகினு பாக்காதீங்க, உடனே தூக்கிகினு வந்துடுங்க” என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த ஆஸ்பத்திரி பொதட்டூர்பேட்டைப் பக்கம். போவதற்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அதுதான் எங்கள் தைரியம்.

கிருத்திகைக்கு முந்தின நாள் பரணி. வருடா வருடம் அன்று காரை மலைமேல் ஓட்டிப்போய்ப் பூஜை போடுவது எங்கள் அப்பாவின் பழக்கம். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். நிலம், கரும்பு, அதற்கடுத்து இந்தக் கார். இந்த மூன்றையும் அவர் ஒரே மாதிரிதான் நடத்துவார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்பக்கம் மாலை போட்டு, கடைசியில் பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் பொட்டு வைத்து ஒரு முழம் பூ போடுவார்.

“நைனா, என்ஜின் மேல பூ போடாதீங்க. உள்ள எதுலயாவது போய் மாட்டிக்கும்.”

“ஏம்மா, வண்டி ஓடறதே அதாலதான? மூஞ்சிக்கு மாலை, நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லியா?”

பூ போட்டாகிவிட்டது.

மலையிலிருந்து இறங்கி, ஊருக்குள் கூட்டத்தில் ஊர்ந்து வரும்போது வெப்பமானி முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட் ஓரத்தில் ஆவி கசிந்தது. நைனா அசரவில்லை. “வெயிலு அப்டி. மனுசனுக்கே கொதிக்குது, இரும்புக்குக் கொதிக்காதா?” என்றார். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் முள் கொஞ்சம் இறங்கியது. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்து போகும்போதுதான் ஃபேன் சுற்றியாக வேண்டும். மெதுவாகப் போனால் மட்டும் சூடு ஏறுகிறது என்றால், முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

மறுநாள் காலை, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறந்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. முகத்தில் கொதிநீர் அடித்துவிடும். மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் பாதிக்கும் கீழே. கீழ்க்குழாயின் முனை ரப்பர் வெடித்து ஈரம் கசிந்திருந்தது. ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அச்சைச் சுற்றி இறுக்கமாக ஒரு நூல் பந்து, அதில் நசுங்கிய சாமந்தி. முன்பெல்லாம் வாழைநாரில் பூ கட்டுவார்கள். அப்படி இருந்திருந்தால் ஃபேன் அதை அறுத்துத் துப்பியிருக்கும். இது நைலான் நூல். ஃபேன் சுற்ற முடியாமல் முக்கி, அதன் ஃபியூஸ் கருகிப் போயிருந்தது.

நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “பூக்காரம்மா மேலதான் தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூலை பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன். ஃபேன் சுலபமாகச் சுற்றியது. வெடித்த குழாயைக் கழற்றியபோது மிச்சமிருந்த துருத்தண்ணீர் மண்ணில் ஓடிப்போனது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் மறுநாள் புதுக் குழாய், ஃபியூஸ், கூலன்ட் எல்லாம் வாங்கிவந்து மாட்டுவதாகத் திட்டம். ஒரு நாள்தானே.

இங்கே எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் மலைக்குப் போவார்கள். அன்று போலீஸ் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடும். சாலை முழுவதும் வெறுங்கால்கள்தான். தார் சுடும். அதனால் சாலையோரத்து வீடுகளில் எல்லோரும் விடியற்காலையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரைத் தாரில் ஊற்றிக்கொண்டே இருப்போம். எங்கள் வீட்டில் அண்டா நிறைய நீர்மோரும் கலந்து வைப்போம். அன்றும் அப்படித்தான். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. போர் மோட்டார் ஓடவில்லை. மாடித் தொட்டியில் இருந்ததை அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாளி வாளியாகச் சாலையில் ஊற்றித் தீர்த்திருந்தார்கள். கரண்ட் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. தெரு முழுவதும் அதே நினைப்பில்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் உள்ளேயிருந்து அம்மாவின் குரல். “அடியே, இங்க வாடி! பனிக்குடம் உடைஞ்சிடுச்சி!”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலடியில் ஈரம். முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “இன்னிக்கு இல்லியே, அடுத்த வாரம்தான?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், நான்தான் தேதியை மாற்றிவிட்டேன் என்பதுபோல.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். “மலையடிவாரத்தயே தாண்ட முடியல மேடம், கூட்டத்துல மாட்டிகினு நிக்கிறோம். வேற வண்டி இருந்தா ஏத்திகினு கெளம்பிடுங்க, காத்துகினு இருக்காதீங்க.” ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். “கால் இறங்கியிருக்குற கேஸ். படுக்க வெச்சே கூட்டினு வாங்க. பைக்ல கீக்ல ஏத்திடாதீங்க” என்றார்கள்.

ஆட்டோக்கள் எல்லாம் திருத்தணிக்குள். இருந்தது என் எதிரில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் கார் மட்டும்தான்.

வெளியே வந்து வரிசை போட்டேன். குழாய், ஃபியூஸ், தண்ணீர். மூன்றும் முடிந்தால் வண்டி போகும்.

குழாயில் வெடித்த முனையை மட்டும் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி கிளிப்பை முறுக்கினேன். நீளம் எட்டியது. ஃபேனின் ஃபியூஸுக்குப் பதில், அதே அளவு தாங்கும் பச்சை நிற ஃபியூஸ் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. ஏசி காற்று ஊதும் மோட்டாருக்கானது. அதைப் பிடுங்கி ஃபேனுக்குச் சொருகினேன். அடுத்து தண்ணீர். சமையலறைக் குடம், பூஜைச் சொம்பு, ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்கள், எல்லாவற்றையும் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். நிரம்பியது. மூடிவிட்டு என்ஜினைக் கிளப்பினேன்.

சில நொடிகளில் காருக்கு அடியில் ‘சர்’ரென்று ஒரு சத்தம். கிளிப்பின் மரை தேய்ந்து வழுக்கி, குழாய் கழன்று, ஊற்றிய அத்தனையும் மண்ணில். என்ஜினை அணைத்துவிட்டு அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வரிசையில் அதற்கடுத்து எதுவும் எழுதியிருக்கவில்லை.

குழாய் பெரிய விஷயமாக இல்லை. விவசாய வீட்டில் கட்டுக்கம்பி இல்லாமல் இருக்காது. இரண்டு சுற்று சுற்றி, கொறட்டால் முறுக்கினேன். கிளிப்பைவிட நன்றாகவே பிடித்தது. தண்ணீர்தான் இல்லை. பக்கத்து வீட்டில் ஓடிக் கேட்டேன். அவர்களும் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார்கள். எதிர்வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார்கள். தெருக்குழாயில் காற்று வந்தது. மிச்சமிருந்த நீர்மோரை ஒரு கணம் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“கழனிக் கெணத்துல எடுத்துகினு வந்துடறேன்” என்று நைனா ஒரு கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார். கிணறு தூரம். இருபுறமும் கூட்டம். உள்ளே அக்காவின் சத்தம் மாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. முன்னால் பம்பை அடிப்பவர், பின்னால் மயிலிறகு வைத்த பூக்காவடிகள், அதற்கும் பின்னால் மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக. ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு குடம். குடத்தின் கழுத்தில் மஞ்சள் துணியும் வாயில் வேப்பிலையும் கட்டியிருந்தது. தங்கள் ஊர்க் கிணற்றில் நீர் எடுத்து, வழியில் எங்கேயும் தரையில் வைக்காமல், கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்துவந்து மலையில் கொடுப்பார்கள். அது அவர்களுடைய வேண்டுதல். அந்தத் தண்ணீரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டே தண்ணீர் தேடி நின்றேன் என்பதுதான் உண்மை. அந்தக் குடங்களில் இருந்ததை என் மனம் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வாசலில் நீர்மோருக்காக அவர்கள் நின்றார்கள். அம்மா வெளியே வரவில்லை. நான்தான் டம்ளரை நீட்டினேன். கை முழுக்க கிரீஸ். முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். தலையில் குடம் அசையாமல், கண்ணை மட்டும் திருப்பி, திறந்திருந்த பானட்டையும் என்னையும் பார்த்தாள். உள்ளிருந்து அக்காவின் அலறல் கேட்டது.

“யாரு, புள்ளத்தாச்சியா?”

“ஆங். எங்க அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவணும், வண்டில தண்ணி இல்ல. எங்கப்பா எடுத்துகினு வரப் போயிருக்காரு.”

அவள் அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எவ்ளோ வேணும்?”

எனக்கு அப்போதும் புரியவில்லை. ரேடியேட்டர் எவ்வளவு கொள்ளும் என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, “ஒரு குடம்” என்றேன். அவள் மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் காரிடம் நடந்தாள்.

வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு ஆள், அவள் கணவராகத்தான் இருக்க வேண்டும், தோளில் காவடியோடு பதறிப்போய்க் கூப்பிட்டார். “ஏமே, இன்னா பண்ற? வேண்டுதல் தண்ணி அது. கீழ எறக்கக் கூடாது.”

“கீழ எங்க எறக்கறேன்? வண்டிலதான ஊத்தறேன்.”

அவர் காவடியைத் தோள் மாற்றிப் பிடித்துக்கொண்டார். பம்பைக்காரர், “அவ சொல்றதும் நாயந்தான்” என்றார்.

அவள் குடத்தைத் தலையிலிருந்து இடுப்புக்கு இறக்கினாள். வேப்பிலையை அவிழ்த்துக் கூந்தலில் சொருகிக்கொண்டாள். நான் என் துப்பட்டாவை நான்காக மடித்து ரேடியேட்டர் வாயில் விரித்தேன். தண்ணீரில் மஞ்சளும் பூவிதழ்களும் மிதந்தன.

“இன்னாத்துக்கு வடிகட்டற? சாமிக்கு எடுத்த தண்ணிமா இது, சுத்தம்.”

“சாமிக்குப் பரவால்லக்கா. இதுக்கு ஒரு இலை போனாக்கூட அடைச்சிக்கும்.”

“சாமியவிட நோப்பாளமா, இது ஆவாது அது ஆவாதுன்னு இருக்கே உங்க வண்டி” என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையில் சிரிப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் ஊற்றினாள். சிந்தாமல், அவசரப்படாமல், மெல்லிய ஒரே தாரையாக. நான் ரேடியேட்டருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் ஏறி வாய்வரை வந்து நின்றபோது அவள் குடத்தில் அடித்தண்ணீர்கூட மிச்சமில்லை. வெற்றுக் குடத்தை அவள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வைக்கவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் சொல்ல நினைத்தேன். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண் ஒரு அடி முன்னால் வந்து, தன் குடத்தைச் சாய்த்து, கொஞ்சம் நீரை இவள் குடத்தில் விட்டாள். விட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்தவள் வந்தாள், சாய்த்தாள், நகர்ந்தாள். அதற்கடுத்தவள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் தலையசைக்கக்கூட இல்லை. குடத்துக்குள் நீர் விழும் சத்தம் முதலில் உரக்கக் கேட்டு, நிரம்ப நிரம்பத் தணிந்துகொண்டே வந்தது. கடைசியாக வந்தவள் ஊற்றி முடித்தபோது வரிசையில் இருந்த எல்லாக் குடங்களிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. வெறுமையான குடம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் கூந்தலிலிருந்த வேப்பிலையை எடுத்துப் பழையபடி குடத்தின் வாயில் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

இவ்வளவும் அந்தச் சுடுதாரில் நின்றுகொண்டு. நாங்கள் காலையில் ஊற்றிய தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றிருந்தார்கள்.

நான் மூடியைத் திருகி நிமிர்ந்தபோது அவர்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

என்ஜினைக் கிளப்பினேன். குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அம்மாவும் நானும் அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சாலைக்கு வந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. நாங்கள் போக வேண்டியது பொதட்டூர்பேட்டைப் பக்கம். அத்தனை ஜனமும் எதிரில் திருத்தணியை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாலை விளிம்பு முதல் விளிம்பு வரை காவடி.

முன்னால் போய்விட்டதாக நான் நினைத்த பம்பைக்காரர் திரும்பி ஓடிவந்தார். காருக்கு முன்னால் நின்று பம்பையை ஓங்கி அடித்தார். “வழி வுடு! வழி வுடு! புள்ளத்தாச்சி வருது!” என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். எதிரே வந்த முதல் கூட்டம் பிளந்தது. அங்கிருந்து இன்னொருவர் அதே சொற்களை வாங்கிக் கத்தினார். இவர் நின்றுவிட்டார், அந்தக் குரல் முன்னால் ஓடியது. அதை அடுத்த கூட்டம் வாங்கியது. நான் ஹாரன் அடிக்கவே இல்லை. ஆள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்கூட எங்களுக்கு முன்பே அந்தக் குரல் போய்விட்டிருந்தது. நாங்கள் வருவதற்குள் காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாரை விட்டு ஓரத்தில் இறங்கி நின்றன. ஓரம் முழுக்க நெருஞ்சி முள். வெறுங்காலோடு அதில் நின்றபடி, கார் கடக்கும்போது “அரோகரா” என்றார்கள். மயிலிறகுகள் இரண்டு பக்கமும் ஆடின. கண்ணாடி வழியாக மனிதர்களின் முகங்கள் போய்க்கொண்டே இருந்தன, அத்தனை பேரும் பின் சீட்டையே பார்த்தபடி.

ஊர்ந்துதான் போக முடிந்தது. முள்ளின் மேல் ஒரு கண். பாதியைத் தாண்டி ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. முன்பக்கத்தில் ‘கிர்’ரென்று ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

“ஏசி போடுடி, செத்துடுவேன் போல இருக்கு” என்றாள் அக்கா.

“அதோட ஃபியூஸதான் புடுங்கி ஃபேனுக்குக் குடுத்திருக்கேன்.”

“உனுக்கு எதுனா ஒண்ண ஒழுங்கா வெச்சிக்கத் தெரியுமாடி?” என்று திட்டினாள். திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று அம்மா அழுதாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். நேராக உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தேன்.

பெண் குழந்தை. பெரிய அழுகைச் சத்தத்தோடு வந்தாள். டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, “ஒரு கால் எறங்கிட்டிருந்துச்சி. வீட்லயே வெச்சிகினு இருந்திருந்தீங்கன்னா...” என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து அத்தோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார்.

நைனா வந்து சேர்ந்தபோது அவர் மொபெட்டின் பின்னால் கேன் அப்படியே கட்டியிருந்தது, நிறையத் தண்ணீரோடு. வீட்டில் கார் இல்லாததைப் பார்த்ததும் அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் கூட்டத்துக்குள் புகுந்து நேராக வந்திருக்கிறார். “தண்ணி எங்க கெடச்சிது?” என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு அவர் காருக்குப் போய் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

சில நாள் கழித்து முறையாகப் புதுக் குழாயும் கூலன்டும் மாற்றினேன். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் அதிக நாள் விட்டுவைக்கக் கூடாது. உப்பு படிந்து உட்புறம் அரித்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றினேன். வடித்து எடுத்த தண்ணீரில் லேசாக மஞ்சள் நிறம் இருந்தது. நைனா அதைக் கீழே ஊற்ற விடவில்லை. விஷத் துரு கலந்தது, செடிக்கு ஆகாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், ஒரு பாட்டிலில் அடைத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்துவிட்டார். அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. எதற்காக அந்த வேண்டுதல் எடுத்தாள், அது நிறைவேறியதா என்பதும் தெரியாது. அடுத்த வருடம் கிருத்திகைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, நாள் முழுக்க வாசலில் நின்று ஒவ்வொரு மஞ்சள் புடவையாகப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை, ரேடியேட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடது கையில் இருந்த கண்ணாடி வளையல்களும், குடத்தைப் பிடித்திருந்த விரல்களும் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

அன்று நான் அவர்களிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது ஆஸ்பத்திரி வராந்தாவில் உறைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு யோசிக்க யோசிக்க வெட்கம் போய் வேறொன்று வந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. நான் மூடியைத் திருகி முடிப்பதற்குள் அவர்கள் போய்விட்டிருந்தார்கள்; நன்றியை வாங்கிக்கொள்ள அங்கே ஒருவர்கூட நிற்கவில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்றே அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாள் கழித்தும், சொல்லும்போது நான் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான்.